தெருவில் வைத்த குடங்கள்

பிள்ளைகளா, அருப்புக்கோட்டை வீட்டை ஏன் பூட்டிப்போட்டு வந்தோம் என்று அடிக்கடி கேட்கிறீர்கள். நான் அதிகம் படித்தவன் இல்லை. தெரிந்த மட்டும் எழுதிவைக்கிறேன்.

அறுபதுகளின் கடைசி அது. நம் தெருவின் பொதுக்கிணறு உப்பாகிப் போயிருந்தது. நல்ல தண்ணீருக்கு உங்கள் அம்மா ஊருக்கு வெளியே தோட்டக் கிணறு வரை நடக்க வேண்டும். சாக்கடை தேங்கிச் சுவர்கள் உதிர்ந்தன. ஒவ்வொரு வீடாகப் பூட்டு விழுந்தது.

"தெருவுக்குக் குழாய் வந்தா இருப்போம். இல்லாட்டி பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு பந்தல்குடிக்கே போறேன்" என்று அம்மா சொல்லிவிட்டாள். பந்தல்குடி அவள் பிறந்த ஊர்.

அந்தச் சமயத்தில்தான் நகராட்சியிலிருந்து ஓர் இளம் அதிகாரி வந்தார். தெருவைச் சீர்படுத்தப் போகிறார்களாம். என்ன வேண்டும் என்று நாங்களே சொல்ல வேண்டுமாம். அதுவரை எங்களை யாரும் எதுவும் கேட்டதில்லை. வரைபடத்தை விரித்தார். ஒருவருக்கும் விளங்கவில்லை. மடித்து வைத்துவிட்டு, "குழாய் எங்க வேணுமோ, அங்க உங்க வீட்டுக் குடத்தைக் கொண்டாந்து வைங்க" என்றார்.

அவரவர் குடம் அவரவர் வாசலிலேயே நின்றது! பலசரக்குக் கடைக்காரர் கடைப்படியில் வைத்தார். தெருக்கோடியில் குடியிருந்த மதினி, களையெடுக்கப் போகிறவர், சத்தம் போட்டார்.

"ஏன் அண்ணாச்சி, அடுப்படிக்குள்ளயே வச்சுக்கிற வேண்டியதுதான?"

கடைக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் வெயில் ஏறும் வரை சண்டை ஓயவில்லை. கடைசியில் அவரே தம் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் நடுத்தெருவில் வைத்தார். பின்னாலேயே மற்றவர்களும் வைத்தார்கள். அதிகாரி அங்கே குழாய்க்கு அடையாளமாக ஒரு கல்லைப் போட்டுச் சுண்ணாம்பு பூசச் சொன்னார். பூசியவன் நான்தான். அன்று அம்மா பந்தல்குடிப் பேச்சை எடுக்கவில்லை.

அந்தக் கல்லில் யாரும் உட்காரக்கூட மாட்டோம். மங்க மங்கச் சுண்ணாம்பு பூசினேன். மழை பொய்த்தது. இளம் அதிகாரிக்கு மாற்றல் வந்தது. கடைக்காரர் பஸ் நிலையத்துப் பக்கம் போய்விட்டார். இன்னும் பல வீடுகளில் பூட்டு.

பிறகு வேறொரு அதிகாரி வந்தார். குடம் வைத்த கதையைச் சொன்னேன்.

"சரி, இப்ப வைங்க பாப்போம்."

வைத்தோம். குடங்கள் கைவிரல் எண்ணிக்கைக்குள் அடங்கிவிட்டன.

"இத்தனை பேருக்கா குழாய்?"

"பூட்டிட்டுப் போனவுக குழாய் வந்தா திரும்பி வருவாக சார்" என்றார் மதினி.

"ஆள் வரட்டும்மா, குழாய் வரும்."

"தண்ணி இல்லாமத்தான சார் போனாக?"

அவர் ஜீப்பில் ஏறிவிட்டார். அவரை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. ஆளில்லாத தெருவில் குழி தோண்ட யார் சம்மதிப்பார்கள்? குழாயில்லாத தெருவில் ஆள் எப்படி இருப்பார்கள்? யோசித்து யோசித்துப் பார்த்தேன். எந்தப் பக்கமும் வழி தெரியவில்லை.

அம்மா தன் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் போய்ப் பார்த்தபோது, உங்கள் துணிகளை அதற்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

உங்களையெல்லாம் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு, வீட்டைப் பூட்ட நான் மட்டும் திரும்பினேன். மதினி வேலைக்குப் போயிருந்தார். தெருவில் ஆளே இல்லை. அந்தக் கல்லின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, சிரட்டையால் சுண்ணாம்பு முழுவதையும் சுரண்டி எடுத்தேன். பிறகு போய்க் கதவைப் பூட்டினேன்.