அமாவாசையன்று தறி பார்க்க வந்தவர்கள்

சைக்கிள் ரிக்‌ஷா மிதிக்கத் தொடங்கிய முதல் வருடம், சவாரி என்ன கேட்டாலும் தலையாட்டிவிடுவேன். ஐந்தாவது வரை படித்தவன், கூச்சம் வேறு. வெளியூர்க்காரர்களிடம் வாயைத் திறப்பதைவிட மிதிப்பது எனக்குச் சுலபம். எழுபதுகளின் தொடக்கம் அது.

ஒரு சாயங்காலம் திருநெல்வேலியிலிருந்து ஒரு வாத்தியாரும் அவர் மனைவியும் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினார்கள். சத்திரத்தில் கொண்டுபோய் விட்டபோது அந்த அம்மா கேட்டார்.

"ஏம்ப்பா, என் கல்யாணப் பட்டு இந்த ஊர்ல நெய்ததாம். எப்படி நெய்தாங்கன்னு ஒரு தடவை கண்ணால பாக்கணும். நாளைக்குக் கோயிலெல்லாம் முடிச்சுட்டு ஒரு தறியும் காட்டிருவியா? சாயந்திரம் பஸ் ஏறிருவோம்."

தலையாட்டினேன்.

காலையில் வரதராஜர் கோயில். தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லியைத் தொட்டுவிட்டு வந்தார்கள். அடுத்து காமாட்சியம்மன். ஏகாம்பரநாதர் வாசலில் வண்டியை நிறுத்தியபோது எதிரே சம்பந்தம் வந்தார். பிள்ளையார்பாளையத்து நெசவாளி, எனக்குத் தெரிந்தவர். காலை பத்து மணிக்குத் தறியில் இருக்க வேண்டிய மனிதர், நெற்றி நிறைய விபூதியும் கையில் தேங்காய் மூடியுமாக நின்றார்.

"இன்னாபா, நல்ல சவாரி போலக்குது?"

"தறி பாக்கணுமாம். உங்க வூட்டுக்குத்தான் இட்டாரலாம்னு..."

"நல்லா இட்டாருவே! அமாவாசையில எவன்பா தறியில குந்துவான்?"

அமாவாசையன்று ஊரில் ஒரு தறியும் ஓடாது. இங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அது மறந்துபோயிற்று.

அவர்கள் வெளியே வந்ததும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கைலாசநாதர் கோயிலுக்கு மிதித்தேன். அங்கிருந்து இன்னொரு கோயில், அதன் பின்னால் இருந்த ஒரு சின்னக் கோயில். களைத்துப்போய்த் தறியை மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அந்த அம்மா களைக்கவில்லை.

"இதுவும் நல்லாத்தான் இருக்கு. தறி எப்போ?"

பன்னிரண்டு மணிக்கு எல்லாக் கோயிலிலும் நடை சாத்திவிட்டார்கள். எனக்கு ஒளிய இடமில்லை. ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"இன்னிக்கி அமாவாசைம்மா. தறி ஓடாது. நேத்தே எனக்குத் தோணல. பத்து மணிக்குத் தெரிஞ்சும் சொல்லல."

"அதுக்குத்தான் இந்த ஊர்கோலமா?" என்றார் வாத்தியார். "சரி, கெளம்பு. நாளான்னிக்குப் பள்ளிக்கூடம்."

"நீங்க போங்க. நான் நாளைக்குத் தறிய பாத்துட்டு வாரேன்," என்றார் அந்த அம்மா.

வாத்தியார் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சத்திரத்துக்கே விடுப்பா, இன்னிக்கும் அங்கதான்," என்றார்.

அவர்களை இறக்கிவிட்டு நேராகச் சம்பந்தம் வீட்டுக்குப் போனேன். கேட்பதற்குள் வியர்த்துவிட்டது. அவர் சிரித்தார். "ஆறு மணிக்கெல்லாம் குந்திடுவேன். இட்டா."

மறுநாள் காலை தறிக்குழியில் அவர் கால் மிதிக்க, ஊடைநூல் வைத்த நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது. அரக்குச் சேலை, ஜரிகைக் கரை. அந்த அம்மா இமைக்காமல் பார்த்தார். அரை மணி கழித்து அவர்தான் எழுந்தார்.

"போவமா? பஸ்ஸுக்கு நேரமாச்சு."

வாத்தியார் தரையில் சம்மணமிட்டிருந்தார். "சித்த இரு. இந்த ஜரிகை ஓரத்துல மட்டும் எப்படி நிக்கிதுன்னு கேட்டுக்கிடுதேன்."

"சார், நீங்க எழுந்தாத்தான் நான் காபி குடிக்க முடியும்," என்றார் சம்பந்தம்.

பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அந்த அம்மா ஜன்னல் வழியாகச் சொன்னார்: "நேத்து பத்து மணிக்கே சொல்லியிருந்தா, மத்தியானம் தூங்கியாவது இருப்போம்லா!"

ஊர் சுற்றிக் காட்டும் வேலைக்கு இப்போது வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். இன்று எதைப் பார்க்க முடியாது என்பதை, சவாரி ஏறி உட்காருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகும் ஏறுகிறவர்களோடு நாள் முழுக்க நிம்மதியாகச் சுற்றலாம்.