இன்று புதிதாகச் சேர்ந்தவர்கள்

2017-ல் எனக்கு எண்ணிக்கைப் பைத்தியம் பிடித்திருந்தது. பிட்காயினையும் அதைப் பார்த்து முளைத்த மற்ற நாணயங்களையும் பற்றித் தமிழில் பேசுவதற்கு ஓர் இணைய மன்றம் நடத்திக்கொண்டிருந்தோம். நான் நாகர்கோவிலில், வீட்டு மாடியறையில். என்னோடு கல்லூரியில் படித்த தோழி சென்னையில். விளம்பரம் பிடிப்பது அவள் வேலை, யாரை உள்ளே விடலாம் என்று பார்ப்பது என் வேலை. காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே, நேற்று எத்தனை பேர் புதிதாகப் பதிவு செய்தார்கள் என்று பார்த்துவிடுவேன். கூடியிருந்தால் வீட்டில் எல்லாரிடமும் நல்லபடி பேசுவேன். குறைந்திருந்தால் என் கணவர் அன்றைக்கு என் பக்கமே வரமாட்டார்.

மூன்று வருடம் அந்த எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஒரு விஷயம் பிடிபட்டிருந்தது. விலை ஏறத் தொடங்கும்போது புதிதாக யாரும் வருவதில்லை. ஏறி, பேப்பரில் வந்து, டீக்கடையில் பேச்சாகி, அதற்குப் பிறகுதான் கூட்டம் வரும். கூட்டம் வரும் அந்த வாரத்தில் பழைய ஆட்கள் சத்தம் காட்டாமல் விற்றுக்கொண்டிருப்பார்கள். இது தெரிந்திருந்தும் கூட்டம் வந்தால் எனக்குச் சந்தோஷம்தான். இப்போது நல்ல பிள்ளை வேஷம் போட்டுப் பிரயோஜனமில்லை.

பொய்க் கணக்கு தொடங்கும் எந்திரங்களைத் தடுக்க, பதிவுப் பக்கத்தில் ஒரு படம் வைத்திருந்தோம். மண் ஒட்டிய ஒரு கிழங்கு. ‘இது என்ன கிழங்கு?’ என்று கேள்வி. ‘மரவள்ளி’ என்று எழுதினால் உள்ளே வரலாம். தோழி சேலத்துக்காரி, அவள் வைத்த கேள்வி அது.

அந்த நவம்பர் கடைசியில் ஓகி புயல் அடித்து, எங்கள் மாவட்டமே பல நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தது. கரண்ட் திரும்பி வந்ததும் நிராகரிக்கப்பட்ட பதிவுகளின் பட்டியலைத் திறந்தேன். மரச்சீனி. மரச்சீனி. மரச்சினி. கப்ப. மறுபடியும் மரச்சீனி. பக்கம் பக்கமாக அதுதான். எங்கள் ஊரில் அந்தக் கிழங்குக்குப் பெயரே மரச்சீனிதான். மரவள்ளி என்று இங்கே யாரும் சொல்லமாட்டார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் சொந்த ஊர்க்காரர்களை என் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறோம். தோழியைக் கூப்பிட்டு நன்றாகக் கொடுத்தேன். அன்று மத்தியானமே ‘மரச்சீனி’யையும் சரியான விடையாகச் சேர்த்தேன்.

அடுத்த ஞாயிறு எண்ணிக்கை குதித்தது. அதற்கடுத்த ஞாயிறு இன்னும் அதிகம். எனக்குத் தலைகால் புரியவில்லை. முகப்பில் பெரிய எழுத்தில் ‘இன்று புதிதாகச் சேர்ந்தவர்கள்’ என்று ஒரு கட்டம் போட்டு, எண் ஓடும்படி செய்தேன். ஏன் எல்லாரும் எங்கள் மாவட்டத்திலிருந்தே வருகிறார்கள், ஏன் ஞாயிறு மூன்று மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில் மட்டும் வருகிறார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டு ஓய்வாக இருக்கிற நேரம் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

கிறிஸ்துமஸுக்குக் குலசேகரத்தில் அக்கா வீட்டுக்குப் போனோம். அத்தான் வளைகுடாவில் இருபது வருடம் வேலை பார்த்துத் திரும்பியவர். அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய ஒரு ரப்பர் தோட்டம், எங்கள் பேச்சில் விளை, அதுதான் அவர்களுக்கு எல்லாம். அக்கா பெயரும் அத்தான் பெயரும் சேர்ந்த பத்திரம். மகளின் நர்சிங் படிப்பு அதை நம்பித்தான் நடந்துகொண்டிருந்தது. புயலில் பாதி மரம் சாய்ந்துவிட்டது. மிச்ச மரத்தில் பால் வெட்டினாலும் வெட்டுக்கூலிக்கே சரியாகப் போகிறது என்று அத்தான் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். நானோ அந்த மேசையில் என் மன்றத்தின் பெருமையை அளந்துகொண்டிருந்தேன்.

“தெனமும் இவ்வளவு பேரா வாறாவ?” என்று அத்தான் கேட்டார்.

“தள்ளிக்கிட்டு வாறாவ அத்தான்” என்றேன்.

ஜனவரியில் விலை இறங்கத் தொடங்கியது. மற்ற ஊர்களிலிருந்து வருகிறவர்கள் குறைந்தார்கள். எங்கள் மாவட்டத்தார் மட்டும் குறையவில்லை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

தை பிறந்து சில நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை, புதியவர்கள் தங்களை அறிமுகம் செய்துகொள்ளும் பகுதியில் ஒரு பதிவைப் பார்த்தேன். ‘ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் மாஸ்டர் எல்லாவருக்கும் இதில் பேரு சேர்த்துத் தந்தார். விளையை விற்று மாஸ்டரிடம் கொடுத்தால் அவருடைய புது நாணயமாகத் தருவார். இன்று பத்து மணிக்குப் பத்திரம். எல்லாரும் வாழ்த்தவும்.’ எழுதியவரின் பயனர் பெயர் என் அக்கா மகளின் பெயரும் அவள் பிறந்த வருடமும். அத்தான் எங்கே கணக்குத் தொடங்கினாலும் அதைத்தான் போடுவார்.

ஞாயிறு மூன்று மணியின் அர்த்தம் அந்த நிமிடம் விளங்கியது. எவனோ ஒருவன் மண்டபத்தில் ஆட்களை உட்காரவைத்து, என் முகப்பில் எண் ஏறுவதைக் காட்டி, உலகமே வருகிறது பாருங்கள் என்று சொல்லியிருக்கிறான். அவனுடைய நாணயம் எந்தச் சந்தையிலும் இல்லை. எங்கள் மன்றத்தில் பெயர் இருந்தால் பணம் பத்திரமாக இருக்கும் என்று நம்பவைத்திருக்கிறான்.

அத்தான் போனை எடுக்கவில்லை. அக்காவின் போன் அடித்து அடித்து நின்றது. கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். தக்கலையில் அது பத்து நிமிடம் நின்றபோது டிரைவரிடம் சண்டை போட்டேன். அந்த ஆள் நிதானமாக டீ குடித்து முடித்தார். அந்தப் பத்து நிமிடம் அவரைப் போல் ஒரு விரோதி எனக்கு உலகத்தில் இருக்கவில்லை.

பத்திர ஆபீஸ் வராந்தாவில் இருவரும் நின்றிருந்தார்கள். விளையை வாங்க வந்தவர் சற்றுத் தள்ளி நாற்காலியில். அக்கா கையில் அடையாள அட்டை.

“என்னட்டி, இப்பிடி ஓடி வாற? அம்மைக்கு என்னமும்?” என்று அக்கா பயந்துவிட்டாள்.

“அம்மைக்கு ஒண்ணுமில்ல. அத்தான், ஒப்புப் போடாதிங்க. அந்த மாஸ்டர் கள்ளன்.”

அத்தான் சிரித்தார். போனை எடுத்து என் மன்றத்தின் முகப்பைக் காட்டினார். “நீ நடத்துற எடத்துல அவருக்க ஆளுவ எத்தன பேருண்ணு பாரு. இவ்வளவு பேரும் மடையன்மாரா?”

“ஆளு கூடினா கள்ளன் நல்லவனாயிருவானா?”

அவர் முகம் மாறியது. “அப்ப நீ எதுக்கு எங்கள உள்ள எடுத்த?”

உள்ளேயிருந்து டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். “விளிச்சாச்சு, வா” என்று அத்தான் அக்காவிடம் சொல்லிவிட்டு நடந்தார். அக்கா நகரவில்லை.

“ஏட்டி, வாறவியள எல்லாம் எண்ணிச் சொன்னியே. போனவிய எத்தன பேரு?” என்று என்னைக் கேட்டாள்.

மூன்று வருடத்தில் நான் ஒருநாளும் கேட்காத கேள்வி. போனவர்களை எண்ணுவதற்கு எங்களிடம் கட்டமே கிடையாது. யாரும் கணக்கை மூடிவிட்டுப் போவதில்லை, வராமல் இருந்துவிடுவார்கள், அவ்வளவுதான். என் போனில் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, முந்தைய கோடையில் விலை ஏறி இறங்கியபோது சேர்ந்தவர்களை வரிசைப்படுத்தினேன். பெயருக்கு எதிரே கடைசியாக வந்த தேதி. சேர்ந்து பத்து நாளில், இரண்டு வாரத்தில், எல்லாம் நின்றிருந்தது. அக்கா விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பட்டியல் போய்க்கொண்டே இருந்தது.

“இவியளும் விளைய வித்தவியளா?” என்றாள்.

“தெரியாதுக்கா. நான் கேக்கல்ல.”

இரண்டாவது தடவையும் டோக்கனைக் கூப்பிட்டார்கள். அத்தான் வாசலிலிருந்து கத்தினார். அக்கா அடையாள அட்டையைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். “எனக்கு ஒப்புப் போட மனசில்ல” என்று அத்தானைப் பார்த்துச் சொன்னாள். அவ்வளவு பேருக்கு முன்னால் அத்தான் என்னைச் சொன்ன வார்த்தைகளை எழுத முடியாது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பும் பஸ்ஸிலேயே தோழியைக் கூப்பிட்டு, அந்த மாஸ்டரைப் பற்றி இப்போதே முகப்பில் எச்சரிக்கை போட வேண்டும் என்றேன். “போடலாம்பா. திங்கட்கிழமை விளம்பரக்காரர் கையெழுத்துப் போடுறார், இந்த எண்ணிக்கையைப் பார்த்துதான் வர்றார். நாலு நாள் பொறு” என்றாள். நான் சரி என்றேன். அக்காவின் விளை தப்பிவிட்டது என்ற நிம்மதியில் இருந்தேன். நாலு நாள்தானே என்று பட்டது. நடுவில் ஒரு ஞாயிறு இருப்பதை மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். ஞாயிறு மூன்று மணிக்கு மாடியறையில் உட்கார்ந்து எண் ஏறுவதைப் பார்த்தேன். திங்கட்கிழமை எச்சரிக்கை போட்டேன்.

மாசியில் அந்த மாஸ்டர் காணாமல் போனான். மண்டபத்தில் பூட்டு. அத்தான் அதுவரை என்னோடு பேசவில்லை. ஒருநாள் காலை சொல்லாமல் நாகர்கோவிலுக்கு வந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து, மனசுக்குள் கொஞ்சம் நிமிர்ந்துகூட உட்கார்ந்தேன். காப்பியைத் தொடாமல் இருந்தார்.

“எனக்க கூட வேல பாத்தவிய ரெண்டு பேரு” என்றார். “நான்தான் மாஸ்டரப் பத்திச் சொல்லிக் குடுத்தேன். அந்த ஞாயிற்றுக்கெழம போயிச் சேந்திருக்காவ. ஒருத்தன் வீட்ட வித்துட்டான்.”

ஆறிப்போன காப்பியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தேன்.

“பத்திரம் நின்னுபோன அன்னைக்கே அவியள விளிச்சுச் சொல்லியிருக்கணும். வெக்கமாட்டு இருந்து. பெண்டாட்டி ஒப்புப் போடமாட்டேன்னுட்டாண்ணு எப்பிடிச் சொல்லுவேன்?” முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். “சரி, கொழுந்தி எழுதிருவா, அவிய படிச்சுக்கிடுவாவண்ணு நெனச்சேன். நீ அன்னைக்கே எழுதியிருப்பியே மக்கா?”

“எழுதினேன் அத்தான்” என்றேன்.

“என்னைக்கு?”

“திங்கக்கெழம.”