இராயப்பர் நாற்காலி

சில வருடங்களுக்கு முன்பு, ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழன் சாயங்காலம், மலேசியாவில் கோப்பெங் பக்கம் எங்கள் பழைய தோட்டத்துக் கோயிலில் நடந்தது இது. தோட்டத்தை எப்போதோ விற்றுவிட்டார்கள். ரப்பர் பால்மரங்கள் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்துவிட்டது, நாங்கள் குடியிருந்த லயங்களும் இல்லை. கோயில் மட்டும் மிச்சம். ஈப்போவிலும் ஜெலாப்பாங்கிலும் குடியேறிவிட்ட எங்கள் ஆட்கள் வருடத்தில் அந்த ஒரு நாள் அங்கே வந்து சேர்வார்கள்.

அன்றைய பூசையில் ஃபாதர் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவார், இயேசு தம் சீடர்களுக்குச் செய்தது போல. எங்கள் கோயிலில் அதற்கு ஒரு தனிப் பழக்கம். பன்னிரண்டு நாற்காலிக்கும் அப்போஸ்தலர்களின் பெயர் உண்டு. எந்தக் குடும்பத்துக்கு எது என்பதும் தாத்தா காலத்திலேயே முடிவானது. எங்களுக்குத் தோமையார். அப்பா அதில் உட்காரும்போது எனக்கு அப்படி ஒரு பெருமை. கடைசி நாற்காலி மட்டும் யாருக்கும் சொந்தமில்லை, அது இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசுடையது. லாரி ஓட்டும் ஓர் அண்ணன்தான் சிரித்துக்கொண்டே அதில் உட்காருவார். வருடம் முழுக்கக் கேலியும் வாங்குவார்.

அந்த வருடம் ஏற்பாடுகளை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கல்லூரி முடித்த வேகம். எந்த அப்போஸ்தலர் எந்த ஊரில் எப்படி வேதசாட்சியாக இறந்தார் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பூசை தொடங்கும் நேரத்தில் அந்த அண்ணனிடமிருந்து போன்.

"ஹைவேல ஜாம்லா தங்கச்சி. யூதாசுக்கு வேற ஆளப் பாரு."

வெளியே ஓடினேன். மோட்டார்சைக்கிளில் சாய்ந்தபடி ஓர் அங்கிள் நின்றிருந்தார். வருடா வருடம் பார்க்கும் முகம்தான். உள்ளே வந்து மட்டும் பார்த்ததில்லை. ஏன் என்று யோசிக்காமல், "ஒரு ஆள் குறையுது அங்கிள், வாங்க" என்றேன்.

"வேணாம்மா. அவங்களுக்குப் புடிக்காது."

"அதெல்லாம் ஒன்னும் இல்ல" என்று கையைப் பிடித்து அழைத்து வந்துவிட்டேன்.

உள்ளே நுழைந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஏத்த ஆளத்தான் புடிச்சிட்டு வந்திருக்குலா." சிலர் சிரித்தார்கள். அப்பா என்னைப் பக்கத்தில் இழுத்துக் காதில் சொன்ன பிறகுதான் விளங்கியது. தோட்டத்தை விற்றபோது, மாற்று வீடு கிடைக்கும்வரை யாரும் லயத்தை விட்டுப் போவதில்லை என்று எல்லோரும் இந்தக் கோயிலில்தான் வாக்குக் கொடுத்திருந்தார்கள். வீட்டைக் காலி செய்ய முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு சிம்பாங் பூலாய்க்குப் போனவர் இவர். அன்றிலிருந்து அவருக்குப் பெயரே யூதாஸ்.

"அப்பவே சொன்னேன்லம்மா" என்று மெல்லச் சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பினார். இப்போது போனால் இனி வெளியில்கூட வந்து நிற்கமாட்டார் என்று எனக்குப் பட்டது.

அப்போது முதல் நாற்காலியில், இராயப்பர் என்னும் பேதுருவின் இடத்தில் இருந்த பெரியவர் எழுந்தார். அந்தக் காலத்துத் தொழிற்சங்கத் தலைவர். லயத்திலிருந்து கடைசியாக வெளியேறிய குடும்பம் அவருடையது. வெறுங்காலோடு வரிசை நெடுக நடந்து வந்து, யூதாஸ் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீ போயி என் எடத்துல உக்காருடா."

"அது ஒங்க குடும்பத்து நாற்காலிண்ணே."

"அதுல உக்காந்துக்கிட்டு நான் என்னத்தக் கிழிச்சேன்? இராயப்பரும்தான் இயேசுவத் தெரியாதுன்னு மூணு தடவ சொன்னாரு. ஒன் சம்சாரம் செத்தப்ப, துக்கத்துக்குப் போகலையான்னு கேட்டவங்ககிட்ட, ஒன்னயத் தெரியாதுன்னு சொன்னவன்டா நான்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "போ, ஃபாதர் காத்துக்கிட்டு இருக்காரு" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அங்கிள் சிலிப்பரைக் கழற்றிவிட்டு முன்னால் போய் உட்கார்ந்தார். ஃபாதர் முதலில் கழுவியது அவருடைய பாதங்களைத்தான். குவளையிலிருந்து தண்ணீர் ஊற்றியது நான்.

இப்போது அந்தக் கோயிலுக்குப் போகும் பாதைக்கு கேட் போட்டுவிட்டார்கள். பெரிய வியாழனுக்கு ஈப்போவில் பெரிய கோயிலுக்குப் போகிறோம். அங்கே நாற்காலிகளுக்குப் பெயர் கிடையாது. அப்போஸ்தலர்கள் எப்படி இறந்தார்கள் என்பது இன்றும் எனக்கு மனப்பாடம். ஆனால் இராயப்பர் என்ற பெயரைக் கேட்டால், அத்தனை பேர் பார்க்கக் கடைசி நாற்காலிக்கு நடந்து வந்த அந்தப் பெரியவர்தான் நினைவுக்கு வருகிறார், அப்படி நடக்க எனக்கு வருமா என்ற கேள்வியோடு.