ஆளுக்கொரு கடவுச்சொல்

கறுப்புத் திரையில் சிவப்பு எழுத்துகள். உங்கள் கோப்புகள் பூட்டப்பட்டுவிட்டன, பணம் அனுப்பினால் திறப்போம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கரையான்சாவடியில் நான் சர்வர் கணினியைப் பராமரிக்கும் டயாலிசிஸ் மையத்தில், ஒரு திங்கட்கிழமை காலை, எல்லாக் கணினிகளிலும் அதே திரை. முதல் ஷிப்டுக்கு வந்த நோயாளிகள் எடை பார்த்துவிட்டுக் கட்டிலில் படுத்திருந்தார்கள். யார் உடலிலிருந்து எவ்வளவு நீர் எடுக்க வேண்டும், எந்த மருந்து எவ்வளவு என்பதெல்லாம் அந்தச் சர்வருக்குள் இருந்தன.

என்னைப் போனில் அழைத்தவர் தலைமை நர்ஸ். நசரத்பேட்டைக்காரர், ஏறக்குறைய என் வயது. எல்லோருக்கும் அவர் சிஸ்டர். "இன்னா சார் இது, எல்லா கம்ப்யூட்டர்லயும் ஒரே எய்த்தா வந்துகினு கீது" என்றார். நெட்வொர்க் ஒயர்களைப் பிடுங்கச் சொன்னேன். ஐயப்பன்தாங்கலிலிருந்து நான் போய்ச் சேர்வதற்குள் ஒன்று விடாமல் பிடுங்கியிருந்தார்.

காரணம் தேட அதிக நேரம் ஆகவில்லை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சர்வருக்கு இணையத்தின் வழியே ஒரு வாசலைத் திறந்து வைத்தவன் நான். டாக்டர்களுக்கு நினைவிருக்கட்டும் என்று எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல் வைத்தவனும் நான்தான். மையத்தின் பெயர், பக்கத்தில் ஒன்று இரண்டு மூன்று. யார் எதை மாற்றினார்கள் என்று தெரியாமல் போகும், வேண்டாம் என்று சிஸ்டர் இரண்டு முறை சொல்லியிருந்தார். நகல் எடுக்கும் டிஸ்க்கைச் சர்வரிலேயே செருகி விட்டிருந்ததால் அதுவும் சேர்ந்து பூட்டிக்கொண்டது.

"என் தப்புதான் சிஸ்டர்" என்றேன்.

"அத்த அப்பால பேசிக்கலாம். இப்போ பேஷன்ட்டுக்கு இன்னா வழி?"

வழியையும் அவரே கண்டார். ஒவ்வொரு சிகிச்சையின்போதும் நர்ஸுகள் கையால் எழுதும் தாள்களைத் தேதிவாரியாகக் கட்டி வைத்திருந்தார். அவற்றை எடுத்து, ஒவ்வொருவருக்கும் டாக்டரிடம் கேட்டு உறுதிசெய்து, மெஷின்களை ஓட்டினார். ஒரு மணி நேரம் தாமதமானது. யாரையும் திருப்பி அனுப்பவில்லை.

பணத்தைக் கட்டிவிடலாமா என்றார் நிர்வாகி. வேண்டாம், புதிதாக நிறுவிக் காட்டுகிறேன் என்றேன். மூன்று வாரத்துக்கு முந்தைய நகல் ஒன்று என் வீட்டில் இருந்தது. சர்வரை அடியிலிருந்து நிறுவினேன். தேவையில்லாத வாசல்களை ஒவ்வொன்றாக மூடினேன். ஆளுக்கொரு கடவுச்சொல், அவரவர் வேலைக்கு வேண்டிய அளவே அனுமதி. விடுபட்ட மூன்று வாரத்தைத் தாள்களைப் பார்த்து நானே தட்டினேன். சிஸ்டர் வரிவரியாகச் சரிபார்த்தார். இந்த வேலை நடந்த ஐந்து நாளில் அவர் ஒரு சொல்கூடக் குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வேலை முடிந்தது என்று நான் சொன்னபோது சிஸ்டர் ஒன்று கேட்டார். "இத்தினி நாளா காப்பி எடுக்கறேன்னு சொன்னீங்களே. அத்த திருப்பிப் போட்டு ஒரு தபா பாத்தீங்களா?"

இந்தத் திங்கட்கிழமைக்கு முன் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. அன்றிலிருந்து மாதம் தவறாமல் நகலைத் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன்.

இப்போது அவர் ஆவடியில் வேறொரு மருத்துவமனையில் இருக்கிறார். இங்கே கடைசி நாளன்று, கேக் வெட்டி முடித்ததும் என் அறைக்கு வந்தார். "சார், கம்ப்யூட்டர்ல கீற என் பேர எடுத்துடுங்க."

நாளைக்கு எடுக்கிறேன் என்றேன். அவர் நகரவில்லை. அப்போதே எடுத்தேன். அவர் தன் பழைய நாற்காலியில் போய் உட்கார்ந்து, தன் பெயரையும் கடவுச்சொல்லையும் பொறுமையாகத் தட்டினார். அனுமதி இல்லை என்றது திரை. இன்னொரு முறை தட்டினார். அதே பதில்.

"சரியா கீது" என்று கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.