யானைக்கு மூச்சு

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சேவுன் வணிக வளாகத்தில் என் ஒலிபெருக்கிக் கடையை ஒட்டியது சுன்தோக் அக்காவின் கடை. பழைய ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்ப்பதில் கெட்டிக்காரி. வாய்த்துடுக்கும் கொஞ்சநஞ்சமல்ல. போன வருடம் புத்தர் பிறந்தநாள் விளக்கு ஊர்வலத்துக்குக் கோயிலார் செய்த காகித யானையை மூச்சுவிட வைக்கும் வேலை அவளிடம் வந்தது. உள்ளே விளக்கு மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும், தூங்கும் உயிரைப் போல. ஜோங்னோ தெருவில் பாதி வழியிலேயே வெளிச்சம் சுருங்கிச் சுருங்கி நின்றுவிட்டது. "யானை செத்துப்போச்சு" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். அன்று முதல் வளாகத்தில் அவள் பெயர் யானைக்கொல்லி.

கோயில் விளக்குகளைக் கவனித்துக்கொள்ளும் பில்ரே அம்மா இந்த வருடமும் அவளிடமே வந்தார். "இந்தத் தடவையும் நின்னுச்சுன்னா வேற ஆளப் பாத்துக்குவோம். கோவிச்சுக்காத."

கிம்பாப் சோற்றுச் சுருள் வாங்கிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். "யானைக்கொல்லி அக்கா, சாப்பிட்டாச்சா? பேசாம ஒரு சிப்பு வாங்கிப் புரோகிராம் எழுதிப் போடேன்."

"நடுத்தெருவுல மக்கர் பண்ணா யாரு சரிபண்றது, நீயா? என் கைக்குப் பிடிபடற மாதிரி இருக்கணும்."

தப்பு எங்கே என்று அதற்குள் கண்டுபிடித்துவிட்டிருந்தாள். ரேடியோ சோதனைக்கு ஒலி எழுப்பும் மின்சுற்றில், அலையின் அளவு கூடாமல் குறையாமல் காக்க ஒரு குட்டி பல்பு போடுவது எங்கள் பழக்கம். போன வருடம் யானைக்கும் அதையே போட்டிருந்தாள். வேகமான அலைக்கு அது ஒரே சூட்டில் இருக்கும். மூச்சைப் போல மெதுவான அலை என்றால் ஒவ்வொரு ஏற்றத்திலும் சூடாகி, இறக்கத்தில் ஆறிவிடும். காவலுக்கு வைத்தவனே கூடச் சேர்ந்து ஆடினால் அலையை யார் காப்பது?

"பல்பைத் தூக்கி எறிஞ்சாச்சு. கரண்டைச் சேத்துவைக்கிற ஒரு கண்டென்சரைச் சீரா நிரப்பறேன். மேல் எல்லையத் தொட்டா காலியாகணும், கீழ் எல்லையத் தொட்டா நிரம்பணும். திரும்பாம அதுக்கு வேற வழியே கிடையாது."

ஓட்டிக் காட்டினாள். நிற்கவில்லைதான். ஆனால் அலை முக்கோணமாக வந்ததால், திரும்பும் இடத்தில் வெளிச்சம் வெடுக்கென்று மாறியது.

"யானைக்கு விக்கல்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. வந்த வேலைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, டயோடுகளைச் சேர்ப்பதும் எடுப்பதுமாக முனைகளை மழுக்கிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அந்த வெளிச்சத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கே கொட்டாவி வந்தது. அப்போதுதான் ஈயம் பற்றவைக்கும் கோலைக் கீழே வைத்தாள்.

ஊர்வலம் முழுக்க யானை மூச்சுவிட்டது. மறுநாள் காலை யானைக்குள் வைத்த சுற்றுப் பெட்டியைக் கழற்ற நானும் கூடப் போனேன். கோயில் முற்றத்தில் யானை இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

"நேத்தே அணைக்கலையா?" என்றாள் அக்கா.

"சுவிட்சு வரைக்கும் கை போச்சு, மனசு வரல" என்றார் பில்ரே அம்மா. "நீயே அணைச்சிடு. உனக்குத்தான் பழக்கமாச்சே."

அக்கா சுவிட்சில் விரலை வைத்தாள். வெளிச்சம் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. விரலை எடுத்துவிட்டாள்.

"பேட்டரி தீர்ற வரைக்கும் இருக்கட்டும்" என்று யானையின் காலடியிலேயே உட்கார்ந்தாள். "இன்னொரு தடவ நான் கொல்ல மாட்டேன்."