ஒத்தோரினா ஊற்றிக் கொடுத்த தண்ணீர்

எங்கள் ஊர் ஃபோந்தெல்பாவுக்கு வருகிறவர்கள் கெட்டுப்போன கல்லீரலோடு வருவார்கள். போகும்போது அதைப் பற்றி நல்ல அபிப்பிராயத்தோடு போவார்கள். நடுவில் பன்னிரண்டு நாள் எங்கள் ஊற்றுத் தண்ணீரை மருந்தாகக் குடிப்பார்கள். முப்பத்தோரு வருஷமாக அதை ஊற்றிக் கொடுத்தவள் ஒத்தோரினா. பளிங்கு மேடை, வெள்ளை ஏப்ரன், நான்காம் குழாய். துருப்பிடித்த ஆணியை நக்கினாற்போல் இருக்கும் தண்ணீர். ஆனால் அவள் நீட்டினால் கல்யாண விருந்தில் வாங்குவதுபோல் வாங்கிக்கொள்வார்கள்.

போன வருஷம் நிர்வாகத்துக்குப் பொத்தான் இயந்திரத்தின் மேல் ஆசை வந்தது. அட்டையைச் செருகினால் அதுவே அளந்து ஊற்றுமாம்.

"யார் கல்லீரல் எப்படின்னு பொத்தானுக்குத் தெரியுமா?" என்று இயக்குநர் பால்தூச்சியிடம் போய்க் கேட்டாள் ஒத்தோரினா.

"உங்களுக்குத் தெரியுமாக்கும்?"

"நம்ம கணக்கரையே பாருங்க. இருபத்தஞ்சு வருஷமா என் கையால குடிக்கிறாரு. முகம் பீச் பழமாட்டம் இருக்கு!"

கணக்கர் என்றால் அமில்காரே, கிரெமோனாக்காரர். செப்டம்பர் தவறாமல் வருவார். இருபத்தைந்து வருஷம் வந்தவருக்கு ஊர் பதக்கம் குத்தும். அந்த முறை அவருடையது.

"சரி," என்றார் பால்தூச்சி. "இந்தக் கை இல்லேன்னா வர மாட்டேன்னு பதக்க விழாவில அவரே சொல்லட்டும். மெஷினை மறந்துடறேன்."

அவள் கணக்கரிடம் ஓடினாள். "ஒரே ஒரு வார்த்தை, கணக்கரய்யா. என் வேலையே அதுலதான் இருக்கு."

"ஒரு வார்த்தையா? சொற்பொழிவே ஆத்தறேன், சிஞ்ஞோரா!" என்று சொல்லிவிட்டுக் குவளையோடு நடக்கப் போனார் அவர்.

நடந்துகொண்டேதான் குடிக்க வேண்டும். டாக்டர்களின் விதி. குவளையை ஏந்திப் பூங்காவைச் சுற்றி, கால் மணி நேரத்தில் காலிக் குவளையோடு திரும்ப வேண்டும். ஆகவே ஊற்றுகிறவள் கண்ணுக்குக் குடிப்பது தெரியாது. பேண்டு மேடைக்குப் பின்னால் ஒரு புதர் உண்டு. தோட்டக்காரர் அதை மூன்று முறை பிடுங்கிப் புதிதாக நட்டிருக்கிறார். ஏன் பட்டுப்போகிறது என்று எங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ஒத்தோரினாவிடம் யாரும் வாய் திறக்கவில்லை. நாங்கள் நாகரிகமான ஊர்.

விழாவில் கணக்கர் இரண்டு கோப்பை நுரை ஒயினுக்குப் பிறகு மேடை ஏறினார். பதக்கத்தட்டை ஏந்தி ஒத்தோரினா பக்கத்தில் நின்றாள்.

"இந்தக் கல்லீரலோட ரகசியத்தைச் சொல்லட்டுமா? முதல் வருஷம் முதல் நாள் ஒரு கிளாஸ் குடிச்சேன். பாதி வழியிலயே ஓட்டம்! அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், பேண்டு மேடைக்குப் பின்னாடி இருக்கிற புதர் குடிக்கட்டும்னு. இருபத்தஞ்சு வருஷமா அதுதான் குடிக்குது. நான் நல்லாருக்கேன். புதர்தான் பாவம்!"

கூடம் அதிர்ந்தது. பால்தூச்சி கண்ணீர் வரச் சிரித்தார். ஒத்தோரினாவும் சிரித்தாள், நாலு பேர் முன்னால் யாராவது நம் காலை மிதித்துவிட்டால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. பிறகு பதக்கத்தை அவள்தான் குத்தினாள். ஊசி நெஞ்சில் இறங்காமல் கோட்டுத் துணியோடு நின்றது அவளுடைய பெருந்தன்மை.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கணக்கர் வழக்கம்போல் வந்து நின்றார்.

"கோவமா? தமாஷுக்குச் சொன்னேன், சிஞ்ஞோரா."

"அப்ப பொய்யா அது?"

"பொய்யில்லை…"

"தண்ணி ஒத்துக்கலைன்னு அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"எப்படிச் சொல்றது? அவ்வளவு ஆசையா நீட்டுவீங்க. வேண்டாம்னா உங்க முகம் வாடிடும். மெஷினா இருந்தா ரெண்டாம் வருஷமே வந்திருக்க மாட்டேன். உங்களுக்காகத்தான் வந்தேன்."

ஒத்தோரினா குழாயை மூடினாள். "இதைத்தானேய்யா நேத்து மேடையில சொல்லச் சொன்னேன்?"

"சொல்லத்தான் நினைச்சேன். எல்லாரும் சிரிச்சாங்களா… நிறுத்த மனசு வரலை."

சொன்ன கையோடு இயக்குநர் அறைக்கு ஓடினார். அரை மணியில் திரும்பியபோது பீச் பழம் ஜொலித்தது.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்! ஒத்துக்கிட்டாரு! உங்க குரலை மெஷின்ல பதிவு பண்ணி வைக்கப் போறாங்க. பொத்தானை அமுக்கினா 'காலை வணக்கம், மெதுவாக் குடிங்க'ன்னு நீங்களே சொல்லுவீங்க!"

வழக்கமாக வருகிறவர்கள் குவளையை அவளுடைய அலமாரியிலேயே அடுத்த வருஷத்துக்கு விட்டுப்போவார்கள். ஒத்தோரினா அவருடையதை எடுத்துத் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி நீட்டினாள்.

"இது எதுக்கு? அடுத்த வருஷம்…"

"அடுத்த வருஷம் காகிதக் கோப்பை தருவாங்களாம். நீங்க யார் முகமும் வாடுமேன்னு கவலைப்பட வேண்டாம்."

குரல் பதிவுக்கு அவள் போகவில்லை. பால்தூச்சியின் மைத்துனி போனாள். 'மெதுவாகக் குடியுங்கள்' என்பதை ரயில் தாமதத்தை அறிவிப்பதுபோல் சொல்கிறாள். கணக்கர் இந்தச் செப்டம்பரில் வரவில்லை. அந்த ஒரு விஷயத்தில் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்.