நேர் ரயில் நின்ற பிறகு

நேராக நியூயோர்க் போகும் ரயிலை எங்கள் ஸ்டேசனிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று கேட்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆங்கிலம் தெரியாத என் அம்மா தனியாகப் போய்வரும் ஒரே இடம் அங்கேயுள்ள அக்கா வீடு. இங்கே நான் ஏற்றிவிடுவேன், அங்கே அக்கா வந்து இறக்குவார். எல்லையில் அதிகாரிகளே பெட்டிக்குள் வந்து பாஸ்போர்ட் பார்ப்பார்கள். அம்மா இருந்த இடத்தை விட்டு எழும்பத் தேவையில்லை.

இனி எல்லையில் இறங்கி, பஸ்ஸில் பாலம் கடந்து, சோதனை முடித்து, அந்தப் பக்கத்து ரயிலைப் பிடிக்க வேண்டும். விமானம் என்றாலே அம்மாவுக்குத் தலைசுற்றும். எனக்கோ லீவு கிடைக்கவில்லை. தனியாகவே போகிறேன் என்று அம்மா நின்றார். ஏதாவது பிசகினால் இனித் தனிப் பயணமே இல்லை என்று கறாராகச் சொன்னேன். அதற்கும் ஓம் என்றார்.

ஒருவர் பயணம் போகிறார் என்று தெரிந்தால் போதும், எங்கள் சனம் ஆளாளுக்குப் பார்சலோடு வந்துவிடும். ஆகவே யாரிடமும் வாய் திறக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அம்மா கோயிலில் சொல்லிவிட்டார். போகும் நாள் எங்கள் வெக்ஸ்போர்ட் வீட்டு வாசலில் நான்கு பை. மிளகாய்த்தூள், பனங்கட்டி, யாரோ ஒருவரின் மருமகளுக்குச் சேலை. எனக்குப் பொல்லாத கோபம்.

அன்று வேலையில் என் கண் போனிலேயே இருந்தது. ரயில் மாறும் நேரம் தாண்டியும் அழைப்பில்லை. நானே அழைத்தேன். மூன்றாம் முறை எடுத்தபோதுதான் அம்மா பேசினார். பின்னால் ஒரே சிரிப்புச் சத்தம்.

சோதனை முடிந்து வெளியே வந்தால் ரயிலுக்குப் போக ஏறுவதற்குப் படிகளாம். அம்மா யோசிக்கவேயில்லை. பஸ்ஸில் கூட வந்த நான்கு பேரின் கையில் ஆளுக்கொரு பையைத் திணித்து, ரயிலைக் காட்டிவிட்டு, கைவீசிக்கொண்டு நடந்திருக்கிறார்.

"முன்பின் தெரியாத ஆக்களிட்டையோ குடுத்தனீங்கள்?"

"அவையளும் அங்கதானே போயினம், பிள்ளை. போற ஆளிட்டைத்தானே குடுத்துவிடுறது."

நான்கு பையும் பத்திரமாம். நால்வருக்கும் பனங்கட்டி உடைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாராம். வேலையிடம் என்றும் பார்க்காமல் எனக்குச் சந்தோஷத்தில் துள்ள வேண்டும்போல் இருந்தது. அம்மா போனை வைக்கவில்லை.

"ஒண்டும் பிசகேல்லைத்தானே? தைப்பொங்கலுக்கும் வாறன் எண்டு அக்காட்டைச் சொல்லிப்போட்டன்."